கைம்பெண்ணான சீமாட்டிக்கு நான்கு வழிகள்: இடைக்கால இங்கிலாந்தில் எது தாங்கும், எது கவிழ்க்கும்?

நாற்பது நாள். கணவன் கண்மூடிய பிறகு அவ்வளவு காலம்தான் அவன் வீட்டில் அவள் உரிமையோடு தங்கலாம் என்றது மேக்னா கார்ட்டா. அதற்குள் அவளுக்குச் சேர வேண்டிய பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதே 1215ஆம் ஆண்டுச் சாசனத்தின் பேச்சுதான். ஏட்டில் அப்படி. கணவன் அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற பிரபுவாக இருந்துவிட்டால் நடப்பு வேறு. முதலில் அரசாணை மாவட்டத்துக்கு வரும். எஸ்சீட்டர் என்ற அதிகாரி உள்ளூர்க்காரர்களைக் கூட்டிச் சத்தியம் வாங்குவார். இறந்தவர் எந்த நிலத்தை யாரிடமிருந்து வைத்திருந்தார், வாரிசு யார், வாரிசுக்கு வயது என்ன என்று அவர்கள் சொல்வதை எழுதி வாங்கி, அரசாணைகளை எழுதி வெளியிடும் சான்சரி அலுவலகத்துக்கு அனுப்புவார். அதன் பிறகு கைம்பெண் ஒரு சத்தியம் செய்ய வேண்டும்: அரசரின் அனுமதி இல்லாமல் மறுமணம் செய்துகொள்ள மாட்டேன். அது முடிந்தால்தான் பங்கு பிரிக்கும் ஆணை கிளம்பும்.

அவளை யாரும் கட்டாயப்படுத்தி மறுமணம் செய்துவைக்கக் கூடாது என்று சொன்னதும் அதே சாசனம்தான். ஆக, கட்டாயமும் கிடையாது, சுதந்திரமும் கிடையாது. இந்த இடுக்கில் நின்றுதான் 14, 15ஆம் நூற்றாண்டுச் சீமாட்டிகள் முடிவெடுத்தார்கள். அப்படியே கைம்பெண்ணாக இருந்து பண்ணைகளை நடத்தலாம். மறுமணம் செய்துகொள்ளலாம். ஆயர் முன் கற்பு வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டுத் தன் வீட்டிலேயே இருக்கலாம். கன்னியர் மடத்தில் சேரலாம். பக்தி, பாசம், பயம் எல்லாமே இதில் உண்டு. ஆனால் எந்த வழி தாங்கும், எது கவிழ்க்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது, அவள் கையில் இருந்த நிலம் எந்த வகையில் எழுதப்பட்டிருந்தது என்பதுதான். அங்கேயே தொடங்குவோம்.

முதலில் பத்திரம்

அவள் கைக்கு வரக்கூடிய நிலம் மூன்று வகை.

ஒன்று, கைமைப் பங்கு. கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவள் ஆயுள் வரைக்கும். விற்க முடியாது, அவள் இறந்தால் கணவனின் வாரிசுக்குத் திரும்பிவிடும். கணவன் சாகும்போது மனைவி ஒன்பது வயதைத் தாண்டியிருந்தால் போதும், இந்த உரிமை உண்டு. பால்ய விவாகம் எவ்வளவு சகஜமாக இருந்தது என்பதற்கு இந்த ஒரு விதி போதும். கணவனைவிட்டு இன்னொருவனோடு போய் வாழ்ந்து, கணவன் அவளை மறுபடி ஏற்றுக்கொள்ளாமல் இறந்திருந்தால், 1285ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்கு கிடையாது. கணவன் ராஜத்துரோகி என்று தீர்ப்பானாலும் கிடையாது. இதைவிட அமைதியான ஓட்டை ஒன்றும் உண்டு. 14ஆம் நூற்றாண்டிலிருந்து பிரபுக்கள் தங்கள் நிலத்தை நம்பிக்கையான நண்பர்கள் சிலர் பேரில் எழுதிவைத்து, அனுபோகத்தை மட்டும் தாங்கள் வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவியது. வாரிசு சிறுவனாக இருந்தால் அரசர் வந்து கைவைப்பாரே, அதைத் தவிர்ப்பதற்காக. அப்படி எழுதிவைத்த நிலத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு கேட்கும் உரிமை எழவில்லை. அரசருக்கு வைத்த பொறியில் மனைவியும் சிக்கினாள்.

அதனால்தான் பெண்வீட்டார் இரண்டாவது வகையைப் பிடித்துக்கொண்டார்கள்: கல்யாண ஒப்பந்தத்திலேயே சில கிராமங்களைக் கணவன், மனைவி இருவர் பேரிலும் கூட்டாக எழுதிவாங்குவது. நம் ஊர்க் கூட்டுப்பட்டா மாதிரி. ஒருவர் போனால் மற்றவர் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். பங்கு பிரிக்கும் இழுபறி இல்லை. கணவனின் துரோகக் குற்றமும் சட்டப்படி இதைத் தொடாது. 1536 வரை இதையும் வாங்கிக்கொண்டு மூன்றில் ஒரு பங்கையும் கேட்க முடிந்தது. அந்த ஆண்டுச் சட்டம்தான் இரண்டில் ஒன்று என்றாக்கியது.

மூன்றாவது, பிறந்த வீட்டுச் சொத்து. சகோதரன் இல்லாதவளுக்கு வருவது. கணவன் இருக்கும்வரை நிர்வாகம் அவன் கையில். அவன் போனதும் முழுக்க அவளுடையது. ஆனால் மறுமணம் என்று வந்தால் இதில்தான் பெரிய வலை. புதுக் கணவனுக்கு அவளிடம் ஒரு குழந்தை உயிரோடு பிறந்துவிட்டால், அவள் செத்த பிறகும் அந்த நிலம் அவன் ஆயுள் வரை அவனிடமே இருக்கும். குழந்தை பிழைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நான்கு சுவருக்குள் அதன் அழுகுரல் கேட்டது என்று நிரூபித்தால் போதும்.

பணக் கணக்குக்கு ஒரு குறிப்பு: ஒரு பவுண்டு 20 ஷில்லிங், அதாவது 240 பென்னி. ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்னி, பவுண்டில் மூன்றில் இரண்டு.

அப்படியே இருந்துவிடுவது

கணவன் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் மனைவி தனி ஆள் அல்ல. கைம்பெண் ஆன மறுநாள் அவள் தனி ஆள். வழக்குத் தொடுக்கலாம், தன் முத்திரையில் பத்திரம் எழுதலாம், உயில் வைக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் மறுமணத்தை நினைத்தும் பார்க்கவில்லை. பெம்புரோக் சீமாட்டி மேரி 1324இல் கணவரை இழந்தார், 1377இல் இறந்தார். நடுவில் 53 ஆண்டு. கேம்பிரிட்ஜின் பெம்புரோக் கல்லூரியை 1347இல் நிறுவியது அவர்தான். ஹியர்ஃபோர்டு சீமாட்டி ஜோன் 1373 முதல் 1419 வரை எசெக்ஸில் ஒரு தனி அதிகார மையமாகவே இருந்தார்.

ஆனால் இது சும்மா இருப்பது அல்ல. பண்ணைக் கணக்கு செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் திருநாளன்று தொடங்கி அடுத்த மைக்கேல்மஸில் முடியும். காரியஸ்தர் ஊர் ஊராகப் போய் நீதிமன்றம் கூட்டுவார். வசூல் அதிகாரி வாடகையைச் சேர்ப்பார். தணிக்கையாளர்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். சஃபோக்கில் ஆக்டன் கிராமத்து ஆலிஸ் டி பிரையன் என்ற கைம்பெண்ணின் வீட்டுக் கணக்கு 1412 மைக்கேல்மஸிலிருந்து ஓராண்டுக்கு முழுதாகக் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலை, மதியம், இரவு எத்தனை பேர் சாப்பிட்டார்கள், விருந்தாளி யார், அவரோடு வந்த வேலையாள் எத்தனை, சமையலறையில் எவ்வளவு மாட்டிறைச்சி, எத்தனை ஹெரிங் மீன் செலவானது என்று வரிவரியாக இருக்கிறது. 1413 புத்தாண்டு நாளின் பதிவில் ஒரு யாழ்க்காரரும், குத்தகைதாரரும் வெளியாருமாக 300 பேரும் வருகிறார்கள். அந்த விருந்தை வெறும் தாராளம் என்று நினைத்தால் தப்பு. ஆண் துணை இல்லாத வீட்டுக்கு ஊர்ச் சாட்சிதான் மதில். நாளை நிலத் தகராறு வந்தால் ஜூரியில் உட்காரப்போவது இன்று பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான்.

இதில் எங்கே கெடும்?

முதல் பகை, வாரிசு. கைம்பெண் நீண்டநாள் வாழ்ந்தால் மகனோ பேரனோ சொத்தில்லாமல் காத்திருக்க வேண்டும். நார்ஃபோக் கோமகனின் மனைவி கேத்தரின் நெவில் 1432இல் கைம்பெண்ணானார். 1483இல் மூன்றாம் ரிச்சர்டின் முடிசூட்டுக்கு வரும்போதும் உயிரோடுதான் இருந்தார். அந்த ஐம்பது ஆண்டும் கணவரின் மௌப்ரே குடும்ப நிலத்தில் பெரும் பகுதி அவர் கையில். மகன், பேரன் இருவருமே அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்படிக் காத்திருக்கும் வாரிசிடம் ஒரு ஆயுதம் இருந்தது. மரத்தை வெட்டினாள், கூரையைச் சரியவிட்டாள் என்று பாழ்வழக்குத் தொடுக்கலாம். நிரூபித்தால் 1278ஆம் ஆண்டுச் சட்டப்படி பாழான இடமும் போகும், நட்டத்தைப் போல் மும்மடங்கும் கட்ட வேண்டும். ஆகவே பங்கு கைக்கு வந்தவுடன் எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்தத் தோப்பில் எத்தனை மரம் என்று சாட்சி வைத்துப் பதிந்துகொள்வதே புத்தி. முன்பே இடிந்துகிடந்த களஞ்சியத்துக்கு அவள் மேல் பழி வரக்கூடாது.

இரண்டாவது, பிள்ளை. வாரிசு சிறுவனாக இருந்தால் அவனை வளர்க்கும் உரிமை தாய்க்குத் தானாக வராது. நிலம் கொடுத்த மேலாளுக்கு, அதாவது அரசருக்குப் போகும். அரசர் அதை விற்பார். மார்கரெட் போஃபோர்ட் பதின்மூன்று வயதில், கணவர் இறந்து மூன்று மாதத்துக்குள், 1457 ஜனவரியில் பெம்புரோக் கோட்டையில் மகனைப் பெற்றார். அந்த மகன் ஹென்றியின் (பின்னாளில் அரசர் ஏழாம் ஹென்றி) காப்புரிமையை 1462இல் வில்லியம் ஹெர்பர்ட் விலைக்கு வாங்கினார். விலை 1,000 பவுண்டு.

மூன்றாவதுதான் மோசமானது: அரசரே எதிரில் நிற்பது. வாரிக் சீமாட்டி ஆன் போஷாம்ப்பைப் பாருங்கள். அவருடையது கணவன் வழிப் பங்கு அல்ல, பிறந்த வீட்டுச் சொத்து; மூன்று வகையில் மிக உறுதியானது. கணவர் வாரிக் பிரபு 1471 ஏப்ரலில் அரசருக்கு எதிராக நின்று பார்னெட் போரில் விழுந்தார். இவர் பியூலி மடத்தில் அடைக்கலம் புகுந்து, தன் கையாலேயே மனுக்களை எழுதி அனுப்பினார். பயனில்லை. இரண்டு மருமகன்களும் அரசர் நான்காம் எட்வர்டின் தம்பிகள். 1474இல் பாராளுமன்றம், இந்த அம்மாள் இயல்பாகவே இறந்துவிட்டதாகக் கொண்டு சொத்தை மகள்கள் வழியாக அவர்களுக்குப் பிரிக்கலாம் என்று சட்டம் போட்டது. உயிரோடு இருக்கிற ஒருத்தியைச் சட்டத்தால் சாகடித்தார்கள். வாரிக்கைத் துரோகி என்று அறிவிக்காமல் விட்டதும் கருணையால் அல்ல. அறிவித்திருந்தால் நிலம் அரசருக்குப் போகும், மருமகன்களுக்கு வராது. 1487இல் ஏழாம் ஹென்றி அவருக்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தார், அதே ஆண்டு டிசம்பரில் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொள்வதற்காக.

ராணிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் பெரிது, ஏனென்றால் பங்கு பெரிது. நான்காம் ஹென்றியின் மனைவி நவாரின் ஜோனுக்கு ஆண்டுக்கு 10,000 மார்க். ஐந்தாம் ஹென்றி பிரான்சில் போர் நடத்திக்கொண்டிருந்தார், கஜானா காலி, புது ராணியும் வரப்போகிறாள். 1419இல் ஜோன் மீது சூனியக் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை நடக்கவே இல்லை. வருமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சிற்றன்னையைக் கோட்டைகளில் காவலில் வைத்தார்கள். 1422இல் சாகக் கிடக்கும்போதுதான் அரசருக்கு மனசாட்சி உறுத்தியது. திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

மறுமணம்

அனுமதியோடு செய்வதானால் வழி எளிது. காசு கட்டி, அரசருக்கு விசுவாசமான எவரையும் மணக்கலாம் என்று பேர் குறிப்பிடாத அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடலாம். ஆள் முடிவான பிறகு போனால் விலை ஏறும், மறுப்பும் வரலாம்.

அனுமதி இல்லாமல் செய்தால்? இங்கேதான் சுவாரசியம். கல்யாணம் செல்லும், நிலத்தைப் பிடித்து வைத்து அபராதம் கேட்பார்கள், அவ்வளவுதான். பெட்ஃபோர்டு கோமகள் ஜக்கெட்டா 1435 செப்டம்பரில் கணவரை இழந்தார். 1436 பிப்ரவரியில், அனுமதியின்றி மணக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பங்கு கிடைத்தது. ஓராண்டு கழித்து, வசதி குறைந்த வீரர் ரிச்சர்ட் வுட்வில்லை மணந்துவிட்ட செய்தி வெளியே வந்தது. அபராதம் 1,000 பவுண்டு. 1437 அக்டோபரில் மன்னிப்பு. அரசரின் சித்தப்பா மனைவி என்ற இடமும், கோமகள் பட்டமும், பங்கும் அவரிடமே இருந்தன. கணக்காகப் பார்த்தால் அபராதம் என்பது தாமதமாகக் கட்டிய கட்டணம். (ஜக்கெட்டா தன் விருப்பப்படி கட்டிக்கொண்டதற்கும், மார்கரெட்டின் மகனை வளர்க்கும் உரிமைக்கும் ஒரே விலை என்பதைக் கவனிக்கலாம்.)

இதே கணக்கை ராணி போட முடியாது. ஐந்தாம் ஹென்றியின் கைம்பெண் கேத்தரினுக்காகவே 1420களின் கடைசியில் ஒரு சட்டம் வந்தது: அரசர் வயதுக்கு வந்து சம்மதிக்காமல் ராணியை மணக்கிறவன் தன் நிலம் முழுவதையும் ஆயுளுக்கும் இழப்பான். தண்டனை அவளுக்கு இல்லை, அவனுக்கு. நிலபுலன் உள்ள எவனும் கிட்டே வரக்கூடாது என்பதுதான் நோக்கம். அதன் விளைவாக, இழக்க ஒன்றுமில்லாத வேல்ஸ்காரர் ஓவன் டியூடரை அவர் மணந்தார். சட்டம் வகுத்தவர்களுக்கு இது தோன்றவில்லை. அந்த வம்சத்துப் பேரன்தான் பின்னாளில் ஏழாம் ஹென்றி.

மறுமணத்தின் உண்மையான பயன் அன்பைவிடப் பாதுகாப்பு. எலிசபெத் வுட்வில்லின் முதல் கணவர் 1461 பிப்ரவரியில் செயின்ட் ஆல்பன்ஸ் போரில் இறந்தார். கூட்டாக எழுதியிருந்த நிலத்தில் மாமியாரோடு தகராறு. இரண்டு சிறு மகன்கள். 1464 ஏப்ரலில் அவர் என்ன செய்தார் தெரியுமா? அரசருக்கு மிக நெருக்கமான ஹேஸ்டிங்ஸ் பிரபுவோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்: வழக்கில் எனக்கு உதவுங்கள், என் மகனுக்கு உங்கள் வீட்டுப் பெண்ணை எடுக்கிறேன், மீளும் நிலத்தின் வருமானத்தில் பாதி உங்களுக்கு. கைம்பெண் ஒருத்தி தன் சொந்த நிலத்தை வாங்க ஆண் ஒருவரின் செல்வாக்குக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை இது. சில வாரங்களில், மே 1 என்று வழக்கமாகச் சொல்வார்கள், அவர் அரசர் நான்காம் எட்வர்டையே ரகசியமாக மணந்ததால் அந்த ஒப்பந்தத்துக்கு வேலையில்லாமல் போனது.

மார்கரெட் போஃபோர்டும் இதே கணக்கில்தான் நடந்தார். மகன் பிறந்து ஓராண்டுக்குள் பக்கிங்ஹாம் குடும்பத்து ஸ்டாஃபோர்டை மணந்தார். 1471இல் அவர் இறந்ததும், அடுத்த ஆண்டே ஸ்டான்லி பிரபு. இரண்டாமவர் எந்த அரசர் வந்தாலும் கவிழாத ஆள். அதுதான் தகுதி.

சரி, நட்டம்? கைமைப் பங்கின் வருமானம் உட்பட எல்லாமே புதுக் கணவன் கைக்குப் போகும். அதனாலேயே பணக்காரக் கைம்பெண் ஒரு வேட்டைப் பொருள். கேத்தரின் நெவில் அறுபது வயதைத் தாண்டியபின், 1465இல், நான்காவதாக ராணியின் தம்பி ஜான் வுட்வில்லை மணந்தார். மாப்பிள்ளைக்கு இருபது வயது போல. அன்றைய வரலாற்றுக் குறிப்பு ஒன்று இதைப் பேய்க் கல்யாணம் என்கிறது. கிழவி சீக்கிரம் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தால் அது தப்பாகியது: 1469இல் தலை போனது அவனுக்கு.

வேட்டை சில சமயம் சொல்லுக்குச் சொல் உண்மை. ஏற்கெனவே ஒரு முறை கைம்பெண்ணாகியிருந்த கிளேர் சீமாட்டி எலிசபெத் டி பர்க், 1314இல் சகோதரன் பானக்பர்ன் போரில் இறந்ததால், குளோஸ்டர் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வாரிசு ஆகவிருந்தார். 1316 பிப்ரவரியில் பிரிஸ்டல் கோட்டையிலிருந்து தியோபால்ட் வெர்டன் அவரைக் கடத்திப்போய் மணந்தார். அன்று அவருக்கு இருபது வயது. வெர்டன் ஜூலையிலேயே இறந்துவிட, அடுத்து அரசர் தன் அபிமானி ரோஜர் டாமரிக்கு அவரைக் கட்டிவைத்தார். 1322இல் டாமரியும் கலகத்தில் செத்தார். இருபத்தாறு வயதில் மூன்று முறை கைம்பெண். சொத்துள்ள பெண்களைக் கடத்துவது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று ஒரு சட்டம் வர 1487 ஆனது.

வார்த்தைப்பாடு: வீட்டிலிருந்தபடி விலகிநிற்பது

நான்கில் இதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. துறவு அல்ல இது. ஏழ்மை வாக்கு இல்லை, கீழ்ப்படிதல் வாக்கு இல்லை. கற்பு ஒன்றுதான். நிலம், வீடு, வேலையாட்கள், விருந்து, வழக்கு எல்லாம் அப்படியே.

முறை இப்படி. அவள் கல்யாண பந்தம் ஏதும் இல்லாதவள் என்பதை ஆயர் உறுதிசெய்துகொள்வார். திருப்பலியின்போது அவள் ஆயர் முன் மண்டியிட்டு, தோல்தாளில் எழுதிய சில வரிகளைத் தன் வாயால் வாசிப்பாள்: இன்னார் ஆகிய நான் இன்று முதல் என் உடலின் கற்பைக் கடவுளுக்கு ஒப்படைக்கிறேன் என்கிற அளவில். வாசித்த தாளின் அடியில் தன் கையால் ஒரு சிலுவைக் குறி போடுவாள். எளிய மேலங்கி, முக்காடு, மோதிரம் மூன்றையும் ஆயர் மந்திரித்துக் கொடுப்பார். காலையில் முடிந்துவிடும் காரியம்.

இதன் பயன் என்ன என்பதை ஒரு கணவரே எழுதிவைத்திருக்கிறார். மேலே சிறுவன் ஹென்றியை 1,000 பவுண்டுக்கு வாங்கிய அதே ஹெர்பர்ட், 1469 ஜூலையில் எஜ்கோட் போரில் பிடிபட்டுத் தலை போவதற்கு முன் மனைவி ஆனுக்கு விட்டுச்சென்ற உயிலில், கைம்மை நெறி ஏற்பதாக எனக்குக் கொடுத்த வாக்கை மறவாதே, அப்போதுதான் உன்னுடையதற்கு நீயே நல்ல எஜமானாக இருந்து என் உயிலை நிறைவேற்றவும் பிள்ளைகளுக்கு உதவவும் முடியும் என்கிற பொருளில் எழுதினார். அவர் சொன்ன காரணத்தில் மோட்சத்தைப் பற்றிப் பேச்சில்லை. உன்னுடையதற்கு நீயே எஜமான். இதுதான் விஷயம்: அரசர் யாருக்கும் கட்டிவைக்க முடியாது, மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வரமாட்டார்கள், இரண்டாம் கணவனின் பிள்ளைகள் முதல் கணவனின் பிள்ளைகளோடு மோத மாட்டார்கள்.

எலிசபெத் டி பர்க் இதை எடுத்தது 1343இல், நாற்பத்தேழு வயதில், மூன்றாம் கணவர் இறந்து இருபத்தொரு ஆண்டு கழித்து. அவசரத்தில் அல்ல. ஆண்டுக்குச் சுமார் 3,000 பவுண்டு வருமானம் உள்ள சொத்தை அதன் பிறகும் அவரே நடத்தினார். கேம்பிரிட்ஜில் தன் பேரால் நிலைத்த கிளேர் கல்லூரிக்கு 1359இல் விதிகளை எழுதிக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட வாழ்க்கையின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதற்கு, நான்காம் எட்வர்டின் தாய் செசிலி நெவிலின் வீட்டு ஒழுங்குமுறை நல்ல சாட்சி. ஏழு மணிக்கு எழுவார், குருவோடு காலைச் செபம், அறையிலேயே ஒரு திருப்பலி, பிறகு சிறிது உணவு, பிறகு ஆலயத்தில் வழிபாடும் இரண்டு திருப்பலியும். பதினொரு மணிக்குச் சாப்பாடு; நோன்பு நாளென்றால் பன்னிரண்டு. சாப்பிடும்போது புனிதர் வரலாறு வாசிக்கப்படும். சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் வழக்கும் மனுவும் கொண்டுவருபவர்களைச் சந்திப்பார். கால் மணி நேரத் தூக்கம். மாலைச் செபம், இரவுச் சாப்பாடு, தோழிகளோடு கொஞ்சம் சிரிப்புப் பேச்சு, ஒரு கோப்பை ஒயின். எட்டு மணிக்குப் படுக்கை. அந்த ஒரு மணி நேரச் சந்திப்பைப் பாருங்கள்: செபத்துக்கு நடுவே பண்ணை ஓடிக்கொண்டிருக்கிறது.

இதன் பலவீனம், இது சட்டத்துக்குப் பயப்படுகிறவனை மட்டுமே தடுக்கும் வேலி. லிங்கன் சீமாட்டி ஆலிஸ் லேசி இரண்டாம் கணவர் 1335இல் இறந்ததும் வார்த்தைப்பாடு கொடுத்தார். சில மாதத்திலேயே பொலிங்புரோக் கோட்டையில் புகுந்த ஹியூ டி ஃப்ரீன் அவரைக் கடத்தி மணந்தார். வேலி உள்ளிருந்தும் உடையலாம். கென்ட் சீமாட்டி எலிசபெத் 1352இல் கணவரை இழந்து வார்த்தைப்பாடு கொடுத்தார். 1360இல் ஒரு வீரரை ரகசியமாக மணந்தார். பேராயர் இருவருக்கும் வாழ்நாள் முழுக்கப் பரிகாரம் விதித்தார். ஆனால் கல்யாணத்தை ரத்துசெய்யவில்லை. இங்கேதான் திருச்சபைச் சட்டத்தின் நுணுக்கம்: இப்படிக் கொடுத்த எளிய வாக்கை மீறினால் பாவம், கல்யாணம் நிற்கும்; மடத்தில் சேர்ந்து கொடுக்கும் முழுத் துறவு வாக்கை மீறினால் கல்யாணமே கிடையாது. கிளேர் சீமாட்டியைப் போல, ஆசையும் அச்சமும் ஆறிய வயதில் எடுப்பதுதான் நிலைத்தது. துக்க வீட்டின் சூட்டோடு எடுத்தவைதான் நீதிமன்ற ஏடுகளில் வந்தன.

மடம்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் தெரிவுசெய்தவர்கள் குறைவு. முழுத் துறவு ஏற்ற கணமே சட்டப்படி அவள் இறந்தவள். கைமைப் பங்கு வாரிசுக்குப் போய்விடும், பிறந்த வீட்டுச் சொத்தும் அப்படியே. திரும்ப வர வழி இல்லை. அல்ஸ்டர் சீமாட்டி மாட் இரண்டு கணவரையும் இழந்தபின் 1347இல் கேம்ப்ஸி மடத்தில் சேர்ந்தார், 1364இல் இன்னும் கடுமையான பிரான்சிஸ்கன் ஒழுங்குக்கு மாறி புரூயிஸ்யார்டுக்குப் போனார். மெய்யான அழைப்பு இருந்தவருக்கு அது சரி.

மற்றவர்கள் செய்தது வேறு: மடத்து வளாகத்துக்குள் வீடு எடுத்து, சொத்தை விடாமல் இருந்தார்கள். எலிசபெத் டி பர்க் 1352இல் லண்டன் ஆல்ட்கேட்டுக்கு வெளியே மைனரிஸ் மடத்தில் தனக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார். வசதியான ஏற்பாடு. ஆனால் மடத்துச் சுவர் பாதுகாப்புத் தரும் என்று நம்புவது ஏமாற்றம். ஆக்ஸ்போர்டு சீமாட்டி எலிசபெத், கணவர் 1462இல் தலை வெட்டப்பட்டபின், லண்டனுக்குக் கிழக்கே ஸ்ட்ராட்போர்டு கன்னியர் மடத்தில் தங்கியிருந்தார். 1472 கிறிஸ்துமஸ் சமயத்தில் குளோஸ்டர் கோமகன் ரிச்சர்ட் அங்கேயே வந்து, வடக்கே மிடில்ஹாமுக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டி, அவருடைய சொந்த நிலத்தை எழுதி வாங்கினார். வயதான பெண், அந்தக் குளிரில் அவ்வளவு தூரப் பயணம் என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். எலிசபெத் டி பர்க்கையே 1322இல் பார்க்கிங் மடத்தில் அடைத்துவைத்துத்தான் வேல்ஸ் நிலத்தைப் பிடுங்கினார்கள். மடம் சிறையும் ஆகும்.

யாருக்கு எது

கணவன் துரோகி என்று தீர்ப்பாகி, கூட்டாக எழுதிய நிலமும் இல்லை என்றால் பேச்சே இல்லை, செல்வாக்குள்ள ஒருவரை அனுமதியோடு மணப்பதுதான் வழி. கூட்டு நிலம் தகராறில் இருந்து, பிள்ளைகளும் சின்னவர்கள் என்றாலும் அதே. அனுமதிச் சீட்டை மட்டும் முதலில் வாங்க வேண்டும். ஜக்கெட்டாவைப் போல அரச குடும்பத்து இடம் இல்லாதவளுக்கு 1,000 பவுண்டு தாமதக் கட்டணமாக இருக்காது, திவாலாக இருக்கும்.

பத்திரம் உறுதியாக இருந்து வாரிசும் சொந்த மகன் என்றால் அப்படியே இருப்பதே மேல். வாரிசு மூத்தாள் மகனாகவோ கணவனின் தம்பியாகவோ இருந்தால் பாழ்வழக்குக்குத் தயாராக இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டி, நிர்வாகம் கைவந்து, பெண் கேட்டு வருவோர் தொல்லையும் தொடர்ந்தால் வார்த்தைப்பாடு. இளவயதில் அது வேண்டாம். பிறந்த வீட்டுச் சொத்து பெரிதாக உள்ளவள் மறுமணத்துக்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும், அந்த நான்கு சுவரும் அழுகுரலும் நினைவில் இருக்கட்டும். ராணியாக இருந்தவளுக்கு இந்த அறிவுரை எதுவும் அதிகம் உதவாது. எலிசபெத் வுட்வில்லே 1487இல் நிலத்தை மகளான ராணிக்கு விட்டுக்கொடுத்து, 400 மார்க் உதவித்தொகையோடு பெர்மண்ட்சி மடத்துக்குப் போய், 1492இல் அங்கேயே இறந்தார்.

இவை எதிலும் அடங்காமல் ஒரு வழியைக் கண்டவர் மார்கரெட் போஃபோர்ட். மகன் 1485இல் அரசரானதும், கணவர் உயிரோடு இருக்கும்போதே அவரைத் தனி ஆளாகக் கருதிச் சொத்து வைத்துக்கொள்ளப் பாராளுமன்றம் வழிசெய்தது. 1499இல், கணவரின் சம்மதத்தோடு, கணவர் இருக்கும்போதே கற்பு வார்த்தைப்பாடு எடுத்துக்கொண்டு காலிவெஸ்டன் மாளிகையில் தனி வீடு நடத்தத் தொடங்கினார். ஸ்டான்லி வந்து தங்க அங்கே அறைகள் இருந்தன. 1504 ஜூலையில் அவர் இறந்ததும் மார்கரெட் அதே வார்த்தைப்பாட்டை இன்னொரு முறை எடுத்தார்.